குதிகாலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை

மேடான்
11 மார்ச் 1996

அன்புத் தங்கை தியுர்மாவுக்கு அண்ணன் ஹலொமோவான் எழுதுவது. ஹொராஸ். கர்த்தருடைய கிருபையால் இங்கே லம்ரியா சுகம், பிள்ளைகள் சுகம், கொல்லையில் கட்டியிருக்கும் இரண்டு பன்றிகளும் சுகம். இந்த வீட்டில் சுகமில்லாதவன் ஒருவன்தான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் கல்யாணப் பெண் ரொமாவுலியும் நலம்தானே?

வெட்கக்கேடான விஷயம் ஒன்று சொல்லப்போகிறேன். படித்ததும் கிழித்துவிடு. எனக்கு முதுகில் டிஸ்க் நழுவிவிட்டது. தேவாலய விருந்துக்குப் பன்றி தூக்கியபோது நழுவியது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். முதலில் எண்பது கிலோ பன்றி. போன ஞாயிறு போதகர் விசாரித்தபோது அது நூறு கிலோ ஆகிவிட்டது. உண்மையில் பன்றி எதுவும் இல்லை. ரொமாவுலி கல்யாணத்துக்கு வைத்திருந்த கோட்டைப் போட்டுப் பார்த்தேன். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. லம்ரியா சந்தைக்குப் போயிருந்தாள். அவளுடைய இடுப்புக் கச்சை அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறு கொக்கி. பதினைந்தை மாட்டிவிட்டேன். கடைசிக் கொக்கிக்குக் குனிந்தபோது முதுகுக்குள் ஈரத்துணி கிழிவதுபோல் ஒன்று நடந்தது. அப்படியே தரையில் சாய்ந்தேன். ஐம்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார், கல்யாணங்களில் குலத்தின் சார்பாக எழுந்து பேசுகிறவன், பெண்டாட்டியின் கச்சையோடு தரையில்.

யார் வந்து பார்த்தது என்று நினைக்கிறாய்? மோனாங். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தர வந்தானாம். சித்தப்பா பெற்ற ரத்தினம், ஆள் ஏற்றும் சுடாக்கோ வேன் மூன்றுக்கு முதலாளி, விரலில் காடை முட்டை அளவுக்குப் பச்சைக்கல் மோதிரம் போட்ட அதே மோனாங். பார்த்தான். சிரிக்கவில்லை. "அண்ணே, அசையாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீன் வெட்டும் கத்தரியை எடுத்துவந்து கச்சையை வெட்டினான். இன்றுவரை ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மாதா கோவில் மணியைவிடச் சத்தமாகப் பேசுகிறவன் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறான் என்றால் சரியான நாளுக்காக வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

அந்த நாள் எது என்றும் எனக்குத் தெரியும். ஜூலை பதின்மூன்று. தாய்மாமன் உலோஸ் துணியை மணமக்கள் தோளில் சேர்த்துப் போர்த்த நான் எழுந்து நிற்க வேண்டும். உனக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன். நான் நிற்க முடியாமல் போனால் அடுத்த உரிமை அவனுக்கு. இப்போதே தையல்காரனிடம் போய்ப் புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறான் என்று கேள்வி. அந்த மோதிரக் கை என் மருமகள் தோளில் துணி போர்த்துவதைப் பார்ப்பதற்குப் பதில் நான் பன்றிக்கொட்டகையில் குடியேறலாம்.

இடது புட்டத்தில் ஆரம்பித்துக் கெண்டைக்கால் வரை மின்சாரம் ஓடுகிறது. நீ இருபது வருஷமாக ஜகார்த்தாவில் நரம்பு வார்டில் நர்ஸாக இருக்கிறவள். எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே. தெருமுனைத் தொலைபேசிக் கடைக்காரி மோனாங்கின் மைத்துனி. நான் முதுகு என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுவதும் என் முதுகில் ஏறிவிடும்.

உன் அண்ணன்,
ஹலொமோவான்


ஜகார்த்தா
24 மார்ச் 1996

அன்புள்ள அண்ணனுக்கு தியுர்மா எழுதுவது. ஹொராஸ். இங்கே நாங்கள் எல்லோரும் கர்த்தருடைய தயவால் சுகம். அண்ணியையும் பிள்ளைகளையும் மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள். கடிதத்தைக் கிழிக்கவில்லை. என் வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தார். அவருக்கு முதுகில் ஒன்றும் ஆகவில்லை.

டிஸ்க் நழுவாது அண்ணா. அது இரண்டு எலும்புக்கு நடுவில் வைத்த ஒந்தே-ஒந்தே மாவுருண்டை மாதிரி. மேல்தோல் கிழிந்தால் உள்ளே இருக்கும் வெல்லம் பிதுங்கி, பக்கத்தில் போகிற நரம்பை அழுத்தும். உங்களுக்கு வலி காலில் இருப்பது அதனால்தான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிதுங்கியது சில வாரங்களில் தானாக வற்றிவிடும். படுத்தே கிடக்காதீர்கள், நடங்கள்.

டாக்டர் விஷயம். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கிறவரிடம் போங்கள். எத்தனை பேரை வெட்டியிருக்கிறார் என்று கேளுங்கள். எத்தனை பேரை வெட்டாமல் அனுப்பினார் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கோபப்படுகிறவர் வேண்டாம்.

மூன்று கேள்விக்கு எனக்குப் பதில் எழுதுங்கள். சிறுநீர் போவதில் தடை உண்டா? உட்காரும் இடத்தில் மரத்துப்போயிருக்கிறதா? இடது குதிகாலை மட்டும் ஊன்றி, விரல்களைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடக்க முடிகிறதா?

ரொமாவுலி உங்களைத்தான் எதிர்பார்க்கிறாள்.

தங்கை,
தியுர்மா


மேடான்
8 ஏப்ரல் 1996

அன்புத் தங்கைக்கு ஹொராஸ். உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளை விழுந்த செய்தி கேட்டு மனம் குளிர்ந்தது. ஈஸ்டர் நல்லபடியாகக் கழிந்ததா? இங்கே நான் பாட்டு முழுவதையும் நின்றுகொண்டே பாடினேன், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால். பக்தியில் முற்றிவிட்டேன் என்று பேச்சு.

இரண்டு மேதைகளைப் பார்த்துவிட்டேன். முதலாமவர் நகரத்திலேயே பெரிய ஆள் என்றார்கள். சுவரில் பதினொரு சான்றிதழ், கீழே மீன்தொட்டி. எனக்கு எண்பத்தேழாவது எண். மீன்கள் என்னைவிட நிம்மதியாக இருந்தன. உள்ளே போனதும் என் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி அதோடு பேச ஆரம்பித்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கூட அப்படிப் பார்க்கமாட்டார்.

"செவ்வாக்கெழம வெட்டிடலாம்."

"டாக்டர், கால் இங்க இருக்கு."

"காலுக்கென்ன? எல்லாம் படத்துலயே இருக்கே."

உன் கேள்வியை எடுத்துவிட்டேன். "எத்தன பேர வெட்டாம அனுப்பினீங்க?" அவர் என்னைப் பார்க்கவில்லை. நர்ஸைப் பார்த்து, "அடுத்த நம்பர்" என்றார். நாளைக்குத் தெருவில் பார்த்தால் மனிதர் என் முதுகெலும்பைத்தான் அடையாளம் கண்டுகொள்வார், முகத்தை இல்லை.

இரண்டாமவர் மலையில் இருக்கும் எலும்பு வைத்தியர். எண்ணெயும் இஞ்சியும் மந்திரமும். என்னைக் கவிழ்த்துப் போட்டு முதுகின்மேல் ஏறி நின்றார். மூச்சு விடு என்றார். விட வேறு எதுவும் என்னிடம் இல்லை. மேலே நின்றபடியே, தான் குணப்படுத்திய ராணுவ அதிகாரியின் கதையைச் சொல்லி முடித்தார். அந்த அதிகாரி இப்போது எங்கே என்று கேட்டேன். இறந்துவிட்டாராம். "ஆனா முதுகு நேரா இருந்துச்சு" என்றார். இறங்கியபோது காலில் ஓடிய மின்சாரம் இரட்டிப்பாகியிருந்தது. அதைச் சொன்னதும், "பாத்தியா, வேல செய்யுது" என்று எண்ணெய்ப் புட்டி ஒன்றை வேறு கொடுத்தார். கதவுக்குப் பூசியிருக்கிறேன், கிரீச்சிடுவது நின்றுவிட்டது.

கேள்விகளுக்குப் பதில். சிறுநீர் நன்றாகப் போகிறது, தேவைக்கு அதிகமாகவே. உட்காரும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறது, பள்ளிக்கூட நாற்காலியின் ஒவ்வொரு ஆணியையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். மற்றபடி எல்லாம் நலம்.

மோனாங் தினமும் காலையில் வந்து என்னைத் தன் வண்டியில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிறான். எவ்வளவு மோசமாக இருக்கிறேன் என்று அளவெடுக்கத்தான். முன் இருக்கையில் தலையணை வேறு போட்டு வைத்திருக்கிறான். வேடிக்கை பார்க்கிறவன் வசதியாகப் பார்க்க விரும்புகிறான்.

அண்ணன்


ஜகார்த்தா
17 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணனுக்கு ஹொராஸ். எல்லோரும் சுகம். வார்டில் வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன். இனி யாரையும் முதுகில் ஏற விடாதீர்கள்.

மூன்று கேள்வி கேட்டேன், இரண்டுக்குப் பதில் வந்தது. குதிகால்?

தியுர்மா


மேடான்
29 ஏப்ரல் 1996

அன்புத் தங்கைக்கு ஹொராஸ். இங்கே மழை. துரியான் இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது, நான் மட்டும் மூக்குமுட்டச் சாப்பிடுவதில்லை. லம்ரியா உன்னையும் பிள்ளைகளையும் விசாரித்தாள். கல்யாண மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் இந்த ஊர் என்பதால் மேசை நாற்காலியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். நாற்காலி குட்டை என்று கேள்வி. எதிரிகள் எங்கும் இருக்கிறார்கள்.

மூன்றாவது மேதையைப் பற்றிச் சொல்கிறேன், சிரித்துவிட்டுத் தூங்கு. மோனாங்கின் வண்டி ஓட்டுகிறவனுக்குப் போன வருஷம் இதே டிஸ்க் கோளாறாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வெட்டினாராம், இப்போது மூட்டை தூக்குகிறானாம். "அண்ணே, ஒரு தடவ காட்டுங்க, கால்ல விழுறேன்" என்று மோனாங் ஒரு வாரம் உயிரை எடுத்தான். சுடாக்கோ ஓட்டுகிறவனுக்கு வெட்டிய கத்தியால் எனக்கும் வெட்டுவதா? நச்சரிப்புத் தாங்காமல் போனேன்.

டாக்டர் செபுவா. நியாஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்த பையன். வயது முப்பத்தைந்து இருந்தால் அதிகம். சுவரில் ஒரு சான்றிதழ்கூட இல்லை, போன வருஷத்து நாட்காட்டி மட்டும். ஜலதோஷம். ஒரு வார்த்தைக்கு ஒரு தும்மல். தன் மூக்கையே காப்பாற்றத் தெரியாதவன் என் முதுகைக் காப்பாற்றப் போகிறான்.

படத்தை எடுத்து நீட்டினேன். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"அப்புறம் பாக்கலாம். ஷூவக் கழட்டுங்க ஐயா."

"எனக்கு முதுகுல டாக்டர்."

"தெரியும். ஸாக்ஸும் கழட்டுங்க."

ஸாக்ஸில் ஓட்டை இருந்தது. லம்ரியாவை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே கழற்றினேன். முழங்காலைச் சுத்தியால் தட்டினார், கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார், ஊசியால் பாதத்தில் கோடு போட்டார், பிறகு சர்க்கஸ் கரடியைப்போல் அறைக்குள் நடக்கவிட்டார். மோனாங் மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். கௌரவம் அனுமதித்த அளவுக்கு நடந்து காட்டினேன். எத்தனை பேரை வெட்டாமல் அனுப்பினார் என்று கேட்டேன். "பத்து பேர் வந்தா எட்டு ஒன்பது பேர அனுப்பிடுவேன்" என்றார். அப்படியானால் வேலை தெரியாது என்றுதானே அர்த்தம்? என்னையும் அனுப்பிவிடுவார் என்று பார்த்தால், இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார். வாசலில் செருப்பு தானாகக் கழன்றால் மட்டும் அன்றைக்கே வர வேண்டுமாம். செருப்புக் கடைக்காரன் சொல்ல வேண்டியதை இவர் சொல்கிறார்.

திரும்பிப் போவதாக இல்லை. மேடானில் மானமுள்ள எவன் மேடானில் வைத்தியம் பார்த்துக்கொள்கிறான்? எல்லோரையும்போல் பினாங்குக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.

அண்ணன்


ஜகார்த்தா
7 மே 1996

அன்புள்ள அண்ணனுக்கு ஹொராஸ். இங்கே சுகம். ரொமாவுலிக்கு நெற்றிச்சுட்டி வாங்கியாகிவிட்டது. மாமா போர்த்தப்போகும் துணியின் நீளத்தை அங்கே நெய்கிறவளிடம் சரிபார்க்கச் சொன்னாள்.

கௌரவம் எத்தனை அடி அனுமதித்தது? செருப்பு கழல்கிறதா?

தியுர்மா


மேடான்
20 மே 1996

அன்புள்ள நாத்தனார் தியுர்மாவுக்கு லம்ரியா எழுதுவது. ஹொராஸ். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகம் என்று நினைக்கிறேன். உன் அண்ணன் பதில் போடமாட்டார், அதனால் நான் போடுகிறேன். எனக்கு அவரைப்போல் வளைத்து எழுத வராது.

செருப்பு கழல்கிறது. இரண்டு வாரமாக. இடது செருப்பு சமையலறை வாசலிலேயே நின்றுவிடும், இவர் இல்லாத செருப்போடு கூடத்துக்குப் போவார். பாதத்தைத் தூக்க முடியவில்லை, தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிறது. கேட்டால் தரை வழுக்குகிறது என்கிறார். இப்போது சைக்கிள் டியூபை நறுக்கிச் செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார், பள்ளிக்கூடத்துக்கு நீளமான கால்சட்டை போட்டு மறைக்கிறார். நான் பார்த்ததைப் பார்க்காததுபோல் இருக்கிறேன், பார்த்தேன் என்று தெரிந்தால் டியூபை இன்னும் இறுக்குவார்.

அந்த நியாஸ் டாக்டரிடம் போங்கள் என்று மோனாங் தம்பி வாசலில் நின்று அழாத குறையாகக் கெஞ்சினான். "என் காலு எப்ப விழும்னு காத்துக்கிட்டு இருக்கியா? கோட்டு தச்சாச்சா?" என்று இவர் உள்ளே இருந்து கேட்டார். மறுநாள் காலை அவன் வழக்கம்போல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

உன்னிடம் குதிகாலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதினா அவ வெட்டச் சொல்லுவா. வெட்டினா ஜூலைக்குள்ள எந்திரிக்க மாட்டேன். துணி அவன் கைக்குப் போயிடும்" என்றார். அதைச் சொல்லும்போது உன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தார்.

வியாழக்கிழமை பினாங்கு போகிறார். என்னைக் கூட்டிப்போகவில்லை. கடிதம் போட்டது தெரிய வேண்டாம்.

லம்ரியா


பினாங்கு
24 மே 1996

அன்புத் தங்கைக்கு ஹொராஸ். விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். இங்கே உடம்பைத் தவிர எல்லாம் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

விமானம் முழுவதும் நம் ஊர்க்காரர்கள், ஆளுக்கு ஒரு பெரிய பழுப்பு உறை மடியில். உள்ளே அவரவர் படம். பெல்ட்டைப் போடுவதற்கு முன்பே விசாரணை ஆரம்பித்துவிட்டது. "உங்களுது எத்தனாவது எலும்பு?" "நாலு அஞ்சு." "எனக்கு அஞ்சுக்குக் கீழ." அஞ்சுக்குக் கீழே உள்ளவர் என்னைவிட உயர்ந்த குடியில் பிறந்தவர்போல் சாய்ந்துகொண்டார். பின்னால் இருந்த அம்மாளுக்கு இரண்டு இடத்தில் பிதுக்கம், அவளுக்கு ஜன்னல் இருக்கையை விட்டுக்கொடுத்தார்கள். முப்பது நிமிடப் பயணத்தில் ஒருவரும் மேகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் எல்லோருடைய முதுகெலும்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தோம். இந்தக் கூட்டத்தை நம்பி மேடானில் எந்த டாக்டர் கடை போட்டாலும் அவருக்குத்தான் வைத்தியம் தேவை.

பெரிய டாக்டர் பெயர் ஊய். எழுபது வயதுச் சீனக் கிழவர், கை சுத்தமாக இருந்தது. நான் உறையிலிருந்து படத்தை எடுத்தேன். அவர் என் காலைப் பார்த்தார். சைக்கிள் டியூபைப் பார்த்தார்.

"இது யார் கட்டினது?"

"நானே."

"நல்லாக் கட்டியிருக்கீங்க. அவுத்துட்டு குதிகாலால நடங்க."

தியுர்மா, உன் மூன்றாவது கேள்விக்கு இதோ பதில். ஓரடிகூட முடியாது. நீ முதல் தடவை கேட்ட அன்றைக்கு எட்டடி முடிந்தது. அந்த நியாஸ்காரர் முன்னால் நாலடி. இப்போது பாதம் என்னுடையதில்லை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி தொங்குகிறது.

"நாள் கணக்குல செய்யணும். வாரக் கணக்குல இல்ல" என்றார். "உங்க ஊர்ல யாரும் பாக்கலையா?"

"ஒருத்தர் பாத்தார். நியாஸ்காரர். சளி புடிச்சவர்."

"குதிகாலப் பாத்தாரா?"

"பாத்தார்."

"என்ன சொன்னார்?"

"செருப்பு கழண்டா அன்னிக்கே வரச் சொன்னார்."

"எப்பக் கழண்டுச்சு?"

"மூணு வாரம் இருக்கும்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார்.

பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். மலாக்கா நீரிணையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அதை எதற்காகத் தாண்டினேன் என்று கேட்டதும் டியூபைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தேன். இங்கே படுக்கை காலியாக இன்னும் பத்து நாள் ஆகுமாம். பத்து நாள் காத்திருக்காதே, அந்த நியாஸ்காரரிடமே போ என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். வெட்டினாலும் பாதம் முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டாராம். தாமதம் செய்தது வெல்லம் இல்லை, நான்தான் என்பதை மரியாதையாகச் சொன்னார்.

சனிக்கிழமை திரும்புகிறேன். விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மோனாங் வருவான். யார் பேச்சைத்தான் கேட்டிருக்கிறான்?

அண்ணன்


மேடான், அரசாங்க ஆஸ்பத்திரி
27 மே 1996

அன்புத் தங்கைக்கு ஹொராஸ். நாளைக் காலை ஏழு மணிக்கு. செபுவாவுக்கு ஜலதோஷம் போய்விட்டது, முதலில் அதைத்தான் கேட்டேன். "இப்ப வந்தீங்களே, அது போதும் ஐயா" என்றார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டாதது பிடிக்கவில்லை.

ஆறு பேர் அறை. பக்கத்துக் கட்டிலில் தேங்காய் மரத்திலிருந்து விழுந்தவன். எனக்கு எப்படி ஆனது என்று கேட்டான். நூற்றிருபது கிலோ பன்றி என்றேன். மோனாங் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "ஆமா, பெரிய பன்றி. நான் பாத்தேன்" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உலோஸ் துணி அலமாரியில் மேல்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றியிருக்கிறது. லம்ரியாவுக்குத் தெரியும். நான் எழுந்திருக்காவிட்டால் அதை அவனிடம் கொடுத்துவிடச் சொல். போர்த்துவதற்கு முன்னால் அந்த மோதிரத்தைக் கழற்றச் சொல், நூல் மாட்டும்.

மற்றதெல்லாம் சுகம். ரொமாவுலிக்கு மாமாவின் முத்தம்.

ஹலொமோவான்


ஜகார்த்தா
2 ஜூன் 1996

அன்புள்ள அண்ணனுக்கு ஹொராஸ். அண்ணி தொலைபேசியில் சொன்னார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று டாக்டர் சொன்னாராம். கண் விழித்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி "மோனாங் கோட்டு வாங்கிட்டானா" என்பதாம். கர்த்தருக்கு நன்றி சொன்னோம், நீங்கள் நீங்களாகத்தான் இருக்கிறீர்கள்.

வலி போயிருக்கும். பாதம் உடனே வராது. நரம்பு மெதுவாக வளரும், பொறுத்திருங்கள். தினமும் விரலைத் தூக்கிப் பழகுங்கள். குனியாதீர்கள், எடை தூக்காதீர்கள், கச்சை மாட்டாதீர்கள்.

மூன்றாவது கேள்வியை இனிமேல் கேட்கமாட்டேன். அதற்கு நீங்கள் பதில் எழுதாத இரண்டு மாதத்தில் நான் எத்தனை தடவை தபால்காரனிடம் சண்டை போட்டேன் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

தியுர்மா


மேடான்
22 ஜூலை 1996

அன்புத் தங்கைக்கு ஹொராஸ். நீங்கள் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், பன்றிகள் மட்டும் இல்லை, கல்யாணத்தில் பரிமாறியாகிவிட்டது.

உலோஸ் போர்த்தும் நேரத்தில் நீ அழுதுகொண்டிருந்தாய். ஒன்றும் பார்த்திருக்கமாட்டாய். அதனால் நடந்ததை எழுதிவைப்பது என் கடமை. ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்தேன். பதினேழு நிமிடம் நின்றேன், பேச்சையும் சேர்த்து. என் பேச்சில் மூன்று இடத்தில் சிரித்தார்கள், இரண்டு இடத்தில் அழுதார்கள். சம்பந்தி வீட்டுப் பேச்சாளன் தாளைப் பார்த்துப் படித்தான், பாவம், தன் பெயரையும் தாளைப் பார்த்துத்தான் சொன்னான். துணியை விரித்து இரண்டு தோளையும் சேர்த்துப் போர்த்தி முடிச்சை மார்பில் கொண்டுவந்து வைத்தபோது ரொமாவுலி, "மாமா, கால் வலிக்குதா?" என்று காதில் கேட்டாள். "எந்தக் கால்?" என்றேன். ஒருவர் துணையும் இல்லாமல், ஒரு நாற்காலியையும் தொடாமல் நின்றேன் என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

கோட்டும் கச்சிதம். லம்ரியா எங்கோ புதிதாகத் தைத்து வாங்கிவந்தாள், எங்கே என்று சொல்லமாட்டேன் என்கிறாள். மோனாங் அத்தனை ஆர்ப்பாட்டமாக அளவு கொடுத்தானே, கடைசியில் அந்தப் பழைய சாம்பல் கோட்டிலேயே வந்து நின்றான். அவனுக்கும் எனக்கும் ஒரே அளவு வயிறு, ஆனால் என் கோட்டைப் பார், அவன் கோட்டைப் பார். கஞ்சன். நான் போர்த்திக்கொண்டிருந்த நேரம் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் எங்கோ ஒட்டிக்கொண்டு நின்றான், படத்தில் விழுவதற்கு.

டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சபையில் இப்போது என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். முதலில் செருப்பைப் பார்க்கிறவரிடம் போ என்கிறேன். செபுவாவை முதல் நாளே கண்டுகொண்டேன் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். நீ மறுத்து எழுதாதே.

அண்ணன்,
ஹலொமோவான்


ஜகார்த்தா
6 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணனுக்கு ஹொராஸ். இங்கே எல்லோரும் சுகம். ரொமாவுலியும் மாப்பிள்ளையும் போன ஞாயிறு சாப்பிட வந்தார்கள். அண்ணி கொடுத்தனுப்பிய ஊறுகாய் தீர்ந்துவிட்டது. நீங்கள் பயிற்சியை விடவில்லை என்று நம்புகிறேன். மறுத்து எழுதமாட்டேன்.

கல்யாணப் படங்கள் வந்துவிட்டன. நீங்கள் உலோஸ் போர்த்தும் படத்தைப் பெரிதாகப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கூடத்தில் மாட்டுங்கள்.

தங்கை,
தியுர்மா

பி.கு. படம் பக்கவாட்டிலிருந்து எடுத்தது. கோட்டுக்குக் கீழே, உங்கள் பெல்ட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மோதிரம் இல்லை, மோதிரம் இருந்த இடத்தில் வெள்ளைத் தடம் மட்டும்.